சளிக்கு ஒரு பெரிய பேர்

டோக்கன் கொடுப்பவளை ஊரில் பாதி டாக்டர் என்பார்கள். திட்டு விழும்போது மட்டும் அவள் முழு டாக்டர். கிளினிக் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் என் இனத்தாருக்கு இது புரியும். பரமத்தி வேலூரில் எங்கள் பழைய டாக்டர் ஓய்வு பெற்றதும், இளம் டாக்டரம்மா ஒருவர் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தார். மூன்று மாதம் பார்ப்பேன், ஆள் வராவிட்டால் மூட்டை கட்டிவிடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் போனால் என் வேலையும் போகும்.

ஊசி எங்கே?

டாக்டரம்மா சளிக்கு ஊசி போட மாட்டார். ஆவி பிடியுங்கள், ஓய்வெடுங்கள், தானாகப் போய்விடும் என்பார். கேட்கும்போதெல்லாம் நான் மீதி டோக்கன்களை எண்ணிப் பார்ப்பேன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவர் ஒரு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனார். இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"ஏனுங்க அம்மணி, சும்மா இருந்தாப் போயிருமுன்னா, நான் எங்கூட்டுலயே தும்மிக்கிட்டு இருந்திருப்பேனுங்களே!"

சேலத்துப் பஸ்

இரண்டாம் மாதம் பெஞ்சு காலி. பொறுக்க மாட்டாமல், "சளிக்கு வேற பேரே கிடையாதுங்களா டாக்டர்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். படிக்கும்போது கொரைசா என்று படித்தாராம். அன்றிலிருந்து சீட்டில் அந்தப் பேரை எழுதி, சளிதான் என்று வாயாலும் சொல்லி அனுப்பினார். வைத்தியம் அதே ஆவி, அதே ஓய்வு. தனியாக வசிக்கும் ஓர் அம்மா சீட்டைப் படம் பிடித்துச் சேலத்தில் இருக்கும் மகனுக்கு அனுப்பியிருக்கிறார். மறுவாரம் மூக்கும் முகமும் தெளிந்து வந்தார்.

"சளின்னு சொன்னப்ப போனைக்கூட எடுக்கலீங்க. கொரைசான்னதும் பொழுது சாயறதுக்குள்ள பஸ் ஏறி வந்துட்டானுங்க!"

கோழிப்பண்ணைக்காரர்

மல்லசமுத்திரத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் சீட்டைப் பார்த்ததும் வெளிறிப் போனார். அந்தப் பேரில் கோழிக்கும் ஒரு நோய் உண்டு. வந்தால் மூஞ்சி வீங்கும், முட்டை குறையும். கோழிக்கு வருகிற கிருமி வேறு, உங்களுக்கு வந்தது வேறு என்று டாக்டரம்மா விளக்கினார். மனுஷர் தலையாட்டினார், ஆனாலும் கோழிக்குச் செய்வதை அப்படியே தனக்குச் செய்துகொண்டார். தனி அறை, தனித் தண்ணீர், மூன்று நாள் யாரும் கிட்டே வரக்கூடாது. அப்புறம் நன்றி சொல்லவே வந்தார்.

"இத்தன வருசத்துல கோழிக்குப் பாத்த பண்டுவத்த எனக்குன்னு பாத்துக்கிட்டது இதாங்க மொதத் தடவை."

பிரிக்காத சீட்டு

மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. பெஞ்சில் ஆள் சேர்ந்திருந்தாலும், இருப்பதா போவதா என்று டாக்டரம்மா இன்னும் முடிவு செய்யவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று ஒருவர் தன் மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். வேறொரு டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு அவர் சட்டைப்பையில் பிரிக்காமல் இருந்தது. அங்கே போகாமல் இங்கே ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். உள்ளிருந்து டாக்டரம்மாவும் காது கொடுத்தது எனக்குத் தெரிந்தது.

"சளிக்கு ஒண்ணும் வேண்டாமுன்னு சொன்னவங்க, இதுக்கு என்ன வேணுமுன்னு நெசத்தச் சொல்லுவாங்கன்னு கூட்டியாந்தேனுங்க சாமி."

அரை மணி நேரம் புண்ணைப் பார்த்துக் கட்டுப்போட்டு, இன்றைக்கே போக வேண்டும் என்று அவரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அனுப்பி வைத்தார் டாக்டரம்மா. பிறகு என்னிடம் வந்து, அடுத்த வருஷத்துக்கும் டோக்கன் அட்டை அடிக்கச் சொல்லிவிடுங்கள் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சளி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்தச் சளியால் எங்கள் கிளினிக்கில் சாகக் கிடந்தது என் வேலை ஒன்றுதான், அதுவும் ஊசி போடாமலே பிழைத்துக்கொண்டது.