வெளியே வராத ஒரு புள்ளி

அடுத்தவன் செய்த வேலையில் நொட்டை சொல்வதற்கா சம்பளம் தருகிறார்கள் என்று தங்கபுஷ்பம் தன் மகளைக் கேலி செய்வாள். மகள் ஜெபமலருக்கு வயது நாற்பத்தொன்று. தென்காசியில் செல்போன் கடை மாடியில் இருக்கும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். நொட்டை சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் சொன்ன ஒன்றை மட்டும் முப்பது வருடமாக யாரும் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தபோது தங்கை ஜெஸியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள், தண்ணீர் பிடுங்கிக்கொண்டது என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

இந்த சீசனில் கம்பெனிக்கு வந்த வேலையும் அந்த அருவிதான். கம்ப்யூட்டருக்குள் அறுநூறு பேரைக் குளிக்க விட்டு, அபாயச் சங்கு ஊதினால் எல்லோரும் வெளியேற எத்தனை நிமிடம் ஆகும் என்று பார்க்க வேண்டும். ஆளுக்கொரு புள்ளி. ஒவ்வொன்றும் தன் புத்திப்படி நடக்கும். கிடைக்கிற கணக்கை வைத்து, நிஜ அருவியில் சங்கை எப்போது ஊதுவது என்று முடிவு செய்வார்கள். இதற்கான நிரலை எழுதியவன் பண்பொழிக்காரன் இசக்கிராஜா. வேலையை வேண்டாம் என்று ஜெபமலர் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

உள்ளே போனது அறுநூறு என்றால் வெளியே வருவதும் அறுநூறாக இருக்க வேண்டும். முதல் சோதனையே அதுதான். ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் வந்தது.

ஆட்களைக் கலைத்துப் போட்டு மறுபடி ஓட்டினாள். நாற்பது தடவை ஓட்டினாள். வெளியே வராமல் நிற்கிற புள்ளி தடவைக்குத் தடவை மாறியது, நிற்கிற இடம் மாறவில்லை. பெண்கள் பக்கம், கம்பி முடிகிற மூலை. அந்த மூலையை இசக்கிராஜா நிரலில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஜெபமலருக்கு அந்த மூலை தெரியும். "நான் வாரவரை இங்கனயே நில்லு" என்று வெள்ளம் வந்த அன்று அவள் ஜெஸியிடம் சொன்ன இடம் அது. அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆண்களும் பெண்களும் தனித்தனியாகக் குளிக்கிற அருவியில், ஓர் இடத்தைக் காட்டி நிற்கச் சொல்வது குடும்பங்களின் வழக்கம். அதையும் இசக்கிராஜா விதியாகச் சேர்த்திருந்தான். மத்தியானத்துக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

"துணைக்கு வந்த புள்ளி வாசல் பக்கத்துல இருந்தா, அது முதல்ல வெளிய போயிருதுக்கா. வெளிய போனதை நாம அழிச்சிருதோம். இது இல்லாத ஆளுக்காக நிக்கி. கூட்டம் இடிக்காத இடம் அந்த மூலை ஒண்ணுதான், அதான் எப்பவும் அங்கனயே போய் நிக்கி. துணை கட்டாயம் திரும்பி வந்து கூட்டிட்டுப் போகும்னு ஒரு வரி போட்டுருதேன்."

போட்டான். அறுநூறு பேரும் நாலே நிமிடத்தில் வெளியே வந்தார்கள். மூலை காலியானது. அவள் 'சரி' என்று ஒப்புதல் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கொடுத்தால் நாலு நிமிடம் போதும் என்று ஆகிவிடும். பிறகு என்றாவது ஒரு பிள்ளை நிஜமாகவே அங்கே நிற்கும்.

"அந்த வரி தப்பு இசக்கி."

"எழுதினபடிதானக்கா ஓடுது?"

"எழுதினபடி ஓடுது. ஊரு அப்படி இல்ல."

அவன் சிரித்தான். "சின்னப் புள்ளைய விட்டுட்டு யாருக்கா ஓடுவா?"

இதைச் சொல்லிவிட்டால் அம்மா முகத்தில் எப்படி முழிப்பது என்று பயந்தாள்.

"நான் ஓடினேன்லே. தண்ணி ஒண்ணும் பிடுங்கல. கைய நான் பிடிக்கவே இல்ல. துண்டு எடுக்க வெளிய வந்தேன், போலீஸ்காரர் விசில் அடிச்சாரு, அப்படியே ஓடிட்டேன். பதினோரு வயசு எனக்கு."

இசக்கிராஜா அந்த வரியை அழித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"நூத்துக்கு எத்தனை பேரு ஓடுவாங்கன்னு போடட்டும்க்கா?"

"தெரியல. பூஜ்யம்னு மட்டும் போட்டுராத."

அவன் ஏதோ ஓர் எண்ணைப் போட்டு ஓட்டினான். நாலு நிமிடம் கழிந்தது, கூட்டம் போய்விட்டது. மூலையில் ஏழு பேர் நின்றார்கள். ஜெபமலர் அறிக்கையில் 'தோல்வி' என்று பதிந்தாள். பிறகு போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.