இரண்டு தரம் தட்டினால்

போன வருடம் முதலாம் தவணை தொடங்கிய வாரம் அது. கற்பிட்டி வீதியில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டு வாசல் கேட்டடியில், காலை ஏழு மணிக்கு நடந்தது. மொத்தமாக ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தைச் சொல்வதென்றால், அதற்கு முந்திய இரண்டு வருடங்களையும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. ஒரு வயது தாண்டியதிலிருந்து அவளுக்கு ஒரு வருத்தம் இருந்தது. எதற்காவது அழத் தொடங்குவாள். வாய் திறந்தபடி இருக்கும், சத்தம் வராது. மூச்சு உள்ளே போகாது. உதடு நீலமாகி, கைகால் துவண்டு, அப்படியே சாய்ந்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் தானாகவே மூச்சு திரும்பும். புத்தளத்தில் காட்டினோம். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, சில பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு, வளர வளர நின்றுவிடும் என்றார். வந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், உலுக்கவோ வாயில் தண்ணீர் ஊற்றவோ கூடாது, முக்கியமாகக் கத்த வேண்டாம் என்றும் சொன்னார். நான் அதை டயறியில் எழுதி, கீழே கோடும் போட்டு வைத்தேன். ஒரு தரமாவது அப்படிச் செய்ததில்லை. ஒவ்வொரு தரமும் கத்தினேன், உலுக்கினேன். அவள் கண் திறந்த பிறகு, நான் செய்தது பிழையோ என்று இரவு முழுக்க யோசித்தேன்.

அதனால் அவளை அழ விடாமல் வளர்ப்பதே எங்கள் வீட்டு வேலையாகிவிட்டது. கேட்டது எல்லாம் கையில் போகும். கணவர் கட்டாரில். வீட்டில் நானும் அவருடைய தாயான மாமியும்தான். நான் படிப்பிக்கும் பள்ளியில் என் லீவு முடிந்துகொண்டிருந்தது. நான் வேலைக்குப் போக வேண்டுமென்றால் மகள் முன்பள்ளிக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு வேன் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஓடிய ஒரே வேனின் சொந்தக்காரர், முன்பு கூண்டுக்குள் சண்டை பிடித்தவர். கற்பிட்டி ஆள்தான். சின்ன வயதில் டுபாய்க்குக் கார் கழுவும் வேலைக்குப் போய், பக்கத்திலிருந்த ஜிம் ஒன்றில் சண்டை பழகி, கம்பிவலைக் கூண்டுக்குள் குத்தும் உதையும் மல்யுத்தமும் கலந்து நடக்கும் அந்தப் போட்டிகளில் ஒன்பது வருடம் பல நாடுகளில் சண்டை பிடித்தாராம். கழுத்தில் அடிபட்ட பிறகு நிறுத்திவிட்டு ஊருக்கு வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். காது இரண்டும் மடிந்து வீங்கிக் கட்டியாகிப் போயிருந்தன. வேன் பேச அவர் வந்த அன்று மாமி என் காதருகே, "யாரோ மெண்டு துப்பின மாதிரி இரிக்கிதே" என்றார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. வேன்காரர் திரும்பிப் பார்த்து, "மெல்லத்தான் பாத்தாங்க மாமி, முழுங்க ஏலாமப் போச்சு" என்றார். மாமி சால்வையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு கணவர் அவருடைய கடைசிச் சண்டையின் வீடியோவைத் தேடி அனுப்பினார். பெரிய போட்டி, வென்றால் பட்டம். இவர் மற்றவனின் முதுகுப் பக்கமாகக் கட்டிப்பிடித்து, கழுத்தைக் கையால் வளைத்து இறுக்குகிறார். முடிந்தது என்று நினைக்கும்போது திடீரென்று கையைத் திறந்துவிட்டு நடுவரைப் பார்க்கிறார். நடுவர் அசையவில்லை. மற்றவன் புரண்டு எழும்பி இவரை அடிஅடியென்று அடிக்கிறான். தோற்றுப்போனார். வீடியோவுக்குக் கீழே முழுக்கக் கேலி. அதை நான் நாலு தரம் பார்த்தேன். கடைசி நேரத்தில் கையை விட்டுவிடுகிற மனிதரிடமா என் பிள்ளையைக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

வேறு வழியில்லாமல் கொடுத்தேன். ஆனால் அவளுடைய வருத்தத்தைச் சொல்லவில்லை. சொன்னால் ஏற்ற மாட்டார் என்று பயம். சொல்லாமல் விட்டது எவ்வளவு பெரிய பிழை என்று தெரிந்தும், முதல் நாளும் சொல்லவில்லை, இரண்டாம் நாளும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மகள், முன் சீட்டில்தான் இருப்பேன் என்று அடம்பிடித்தாள். சின்னப் பிள்ளைகள் முன்னுக்கு இருக்கக் கூடாது என்று அவர் சொன்னார். நான் உடனே, இன்றைக்கு மட்டும் இருக்கட்டுமே என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். மகள் அழத் தொடங்கினாள். வாய் திறந்தது. சத்தம் நின்றது.

நான் அவளைத் தூக்கிக்கொண்டு கத்தினேன். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. உலுக்கினேன். மாமி தண்ணீர்க் கோப்பையோடு ஓடி வந்தார். வேன்காரர் இறங்கி வந்ததை நான் காணவில்லை. என் முழங்கையில் ஒரு கை பட்டது. அவ்வளவு பெரிய கை, அவ்வளவு மெதுவாக.

"உலுக்காதீங்க தங்கச்சி. என்னட்டத் தாங்க."

கொடுத்தேன். வேன் படியில் அவளைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார். மாமியின் கோப்பையைப் புறங்கையால் தள்ளி வைத்தார். பிறகு மண்ணில் குந்தி, தன் முகத்தை அவள் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை. தோட்டத்தில் தண்ணீர் தெளிக்கும் குழாய் டிக் டிக்கென்று சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப வரும். நெஞ்சப் பாருங்க" என்றார்.

வந்தது. ஒரு பெரிய மூச்சு. மகள் கண் திறந்தாள். முதலில் அந்த மடிந்த காதுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அழவில்லை. அவ்வளவு அமைதியாக அவள் திரும்பி வந்ததை நான் அதுவரை கண்டதேயில்லை.

அன்று அவளை அனுப்பவில்லை, நானும் பள்ளிக்குப் போகவில்லை. மத்தியானம் மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, எப்படி இருக்கிறாள் என்று கேட்க அவர் வந்தார். மாமி பால் விடாத பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார். மறைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு முதல் நாளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்திருந்ததாம். பிள்ளையை ஏற்றும்போது நான் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, வாயையே பார்த்துக்கொண்டு நின்றேனாம். சண்டையில் கூண்டுக்கு வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்களாம். டாக்டரிடம் காட்டியாயிற்றா என்று முதலில் அதைத்தான் கேட்டார். ஓம் என்றேன். பிறகு, இரண்டு வருடமாக யாரிடமும் கேட்க முடியாமல் இருந்த கேள்வியை அவரிடம் கேட்டேன். அந்த நேரத்தில் அவளுக்கு எப்படி இருக்கும்? வலிக்குமா?

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அவக்கு எப்பிடியோ, எனக்குத் தெரியா டீச்சர். நான் நாலு தரம் மயங்கி விழுந்திருக்கேன், கழுத்த இறுக்கி. வலி ஒண்டும் இல்ல. ரூம்ல லைட்ட நூத்த மாதிரி. திரும்பி வாறதுதான் பயம். கண்ணத் திறந்தா எல்லாரும் மேல நிண்டு கத்துவாங்க. என்ன நடந்திச்சு, ஏன் கத்துறாங்க, ஒண்டும் விளங்காது. அந்த நேரம் தெரிஞ்ச முகம் ஒண்டு சும்மா இருந்தாப் போதும்."

இரண்டு வருடமாக என் மகள் கண் திறக்கும்போதெல்லாம் முதலில் கண்டது, கத்திக்கொண்டிருந்த என் முகத்தைத்தான். டாக்டர் இதையேதான் சொன்னார், நானும் கோடு போட்டு வைத்தேன். ஆனால் போய்த் திரும்பி வந்த ஒருவர் சொன்னபோதுதான் அது எனக்குள் இறங்கியது.

அந்தத் துணிச்சலில் வீடியோவைப் பற்றியும் கேட்டுவிட்டேன். ஏன் கையை விட்டீர்கள் என்றேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. கூண்டுக்குள் இனி ஏலாது என்றால், எதிரியின் உடம்பில் இரண்டு தரம் தட்ட வேண்டுமாம். அதோடு சண்டை முடிந்தது. தட்டப்பட்டவர் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். அந்த மற்றவன் இவருடைய தொடையில் தட்டியிருக்கிறான். மிக மெதுவாக, நடுவர் நின்ற பக்கத்துக்கு மறுபக்கத்தில். நடுவர் காணவில்லை. பிறகு கேட்டதற்கு அவன் தட்டவேயில்லை என்று சொல்லிவிட்டானாம். இன்னும் மூன்று விநாடி பிடித்திருந்தால் பட்டம் இவருக்குத்தான்.

"நடுவர் காணல்லதான்" என்றார். "எனக்குத் தெரிஞ்சிச்சே."

அவ்வளவுதான் சொன்னார். பிளேன்டீயைக் குடித்து முடித்து, கோப்பையை மாமியிடம் கொடுத்து, நாளைக்கு ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்டடியிலேயே நின்றேன். ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்க, யாருக்கும் தெரியாத ஒரு தட்டுக்காகத் தன் பட்டத்தையே விட்டுக்கொடுத்த மனிதரின் வேனில் என் பிள்ளையை ஏற்ற நான் மூன்று நாள் யோசித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டே இரண்டு தரம்தான் அப்படி வந்தது. இரண்டு தரமும் பக்கவாட்டில் படுக்க வைத்து, அவள் முகத்துக்கு நேராகக் குந்தி இருந்தேன். எனக்குள்ளே என்ன நடந்தது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வெளியே சும்மா இருந்தேன். கண் திறந்ததும் "உம்மா" என்றாள்.

அந்த வேனில் ஒரு சட்டம் இருக்கிறது. விளையாட்டிலோ கோபத்திலோ ஒருவரை ஒருவர் பிடித்தால், பிடிபட்ட பிள்ளை இரண்டு தரம் தட்டினால் போதும், உடனே விட்டுவிட வேண்டும். மகள் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். காலையில் கேட்டடியில் நான் அவளைக் கட்டிப்பிடிப்பேன். எவ்வளவு நேரம் பிடித்திருப்பேனோ தெரியாது. வேன் ஹோர்ன் அடிக்கும். என் முதுகில் சின்னக் கை இரண்டு தரம் தட்டும்.

நான் விட்டுவிடுகிறேன். அவள் ஓடிப் போய்ப் பின் சீட்டில் ஏறித் திரும்பிப் பார்க்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இப்போதெல்லாம் அவள் வாயை அல்ல, கண்ணை.