குளத்து மீனுக்குத் தீனி சொல்லப் போன கதை

ஊர் ஊராக சைக்கிளில் போய், வளர்ப்பு மீனுக்கு என்ன தீனி, எவ்வளவு தீனி என்று விவசாயிகளுக்குச் சொல்வதுதான் அறுபதுகளில் என் உத்தியோகம். வெளியில் சொன்னால் சிரிக்கிற வேலை பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

பெண் பார்த்த இடத்தில்

வேலம்பாளையத்தில் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டால் கெண்டை எப்படிக் கிடுகிடுவென்று வளரும் என்று ஆர்வமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பெண் கொடுக்கவும் சம்மதித்தார். கிளம்பும்போது வாசல் வரை வந்து மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க மாப்ள, மீனுக்குச் சோறு போடறதுக்குமா கவருமெண்டு சம்பளம் குடுக்குது?"

புல் தின்கிற மீன்

மடத்துக்குளத்தில் மாராத்தாள் என்ற அம்மாவின் குட்டையில் புல்கெண்டைக் குஞ்சுகள் விட்டோம். புண்ணாக்கு வேண்டாம், புல்லே போதும் என்று சொல்லியிருந்தேன். சில மாதம் கழித்துப் போனால் ஒவ்வொன்றும் முழங்கை நீளம்! எனக்கு ஒரே பெருமை. அவரோ மொட்டையாகக் கிடந்த வரப்பைக் காட்டினார். "எருமைக்குன்னு வெச்சிருந்த புல்லு பூராத்தையும் இதுகளே தின்னுபோடுச்சுங்க. எருமையாச்சும் பால் குடுக்குமுங்க, சாமி!"

ஒரு மூட்டை புண்ணாக்கு

கொமரலிங்கத்தில் பழனிசாமி என்ற விவசாயியிடம் நான் செய்த தப்பை மறைக்க மாட்டேன். "புண்ணாக்குப் போடுங்க, நல்லா வளரும்" என்றேன். எவ்வளவு என்று சொல்லாமல் வந்துவிட்டேன். சீக்கிரம் வளரட்டுமே என்று அவர் ஒரு மூட்டையை அப்படியே குட்டையில் கொட்டிவிட்டார். தின்றது போக மிச்சமெல்லாம் அழுகித் தண்ணீர் நாறிவிட்டது. ஆள் அனுப்பினார். ஓடிப்போய்ப் பார்த்தால், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிக்கின்றன. கிணற்று மோட்டாரைப் போட்டு, பொழுது சாயும் வரை நல்ல தண்ணீர் பாய்ச்சினோம். பாதிதான் பிழைத்தது.

விஷயம் தெரிந்து என் அதிகாரி விசாரிக்க வந்தார். எனக்கு வேலை நிரந்தரமாகாத நேரம். கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. "இவர் அளவு சொன்னாரா, இல்லையா?" என்று அவர் பழனிசாமியிடம் கேட்டார். பாதி மீனைப் பறிகொடுத்த மனுஷன், என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு அதிகாரியிடம் சொன்னார்: "கைப்பிடி அளவுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாருங்க. நாந்தானுங்க கேக்கலை."

என் பென்ஷன் தாளில் அரசாங்க முத்திரைதான் இருக்கிறது, ஆனால் கையெடுத்துக் கும்பிட வேண்டிய திசை எனக்கு என்னவோ கொமரலிங்கம்தான்.