மிதிக்காத உப்பு

ஹயாத்து முகம்மதுவுக்கு வெயிலோடு ஒருநாளும் சண்டை இருந்ததில்லை. பாதி ஆயுளைப் புத்தளத்து உப்பளங்களில் கூலி வேலையில் கழித்த மனிதர் வெயிலைத் திட்ட முடியுமா? வெயில் சுட்டால்தான் பாத்தியில் உப்புப் பூக்கும், உப்புப் பூத்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். வானம் மூடினால் மட்டும் அவருக்கு முகம் கறுத்துவிடும். அந்த நேரத்தில் கமறியா வாயே திறக்க மாட்டாள்.

கமறியா அவருடைய மனைவி. தொண்ணூறாம் ஆண்டு புலிகள் இயக்கம் மன்னாரை விட்டு முஸ்லிம்கள் எல்லாரையும் போகச் சொன்னபோது, கைக்குழந்தை பஸீனாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவரோடு வள்ளம் ஏறியவள். கற்பிட்டியில் இறங்கி, முகாமில் கிடந்து, பிறகு கரைத்தீவில் ஓலைக் குடிசை போட்டு, அதைக் கல்வீடாக்குவதற்குள் இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. இவ்வளவு அலைச்சலிலும் ஒரு விசயம் மட்டும் தவறியதில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து இருவரும் பிரிந்து நோன்பு பிடித்ததே கிடையாது. முகாமில் ஒரே கோப்பைக் கஞ்சியில் நோன்பு திறந்த நாட்களும் உண்டு.

வள்ளத்தில் வந்த அந்தக் குழந்தைதான் இன்று ரொறன்ரோவில் கணவன் இனாஸோடு குடியிருக்கிறாள். ஒரே மகள். உம்மாவையும் வாப்பாவையும் தன்னோடு எடுத்துவிட வேண்டும் என்று வருடக்கணக்காக அலைந்து, கடைசியில் இருவருக்கும் விசா வந்தபோது, கமறியா ஒரே வார்த்தையில் அடித்துச் சொல்லிவிட்டாள்.

"ஒருக்கா எழும்பி வந்தது போதும். இனி என்னை எழுப்புறதெண்டா உசிரை எடுக்க வாற மலக்கு வரட்டும்."

அவளுக்கு நெஞ்சு வருத்தமும் இருந்தது, பிரசரும் இருந்தது. பிடிவாதம் இரண்டையும்விடக் கூட. ஆனால் பிள்ளை தனியாக என்ன பாடுபடுகிறாளோ என்று போய்ப் பார்த்து வரும்படி அவரை அவள்தான் தள்ளிவிட்டாள். நோன்புக்கு முந்தி வந்துவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அவரும் வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

போய் இறங்கியது கோடைக்காலம். இரவுச் சாப்பாட்டு நேரத்திலும் சூரியன் போக மனமில்லாமல் நின்றது. சூரியன் மறைந்து மஃரிப் தொழக் காத்திருந்து காத்திருந்து மனிதர் கதிரையிலேயே தூங்கிப்போவார். வீட்டுக்காரர் கொட்டாவி விட்டாலும் எழும்பாத விருந்தாளி மாதிரி இந்த ஊர் வெயில் என்று கமறியாவிடம் போனில் சொன்னபோது அவள் சிரித்தாள். பிறகு இலைகள் சிவந்தன. மரத்துக்கெல்லாம் நோய் பிடித்துவிட்டது என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். ஒரு நல்ல மருந்தாக வாங்கி அடிக்கச் சொல்லுங்கள் என்றாள் கமறியா. கொஞ்ச நாளில் எல்லாம் கொட்டிப்போய் மரங்கள் மொட்டையாக நின்றன. அன்று போனில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

குளிர்காலம் வந்ததும்தான் அவருக்கு உண்மையான கோபம் வந்தது. பனி கொட்டுவதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பளிச்சென்று வெயில் அடிக்கும், நம்பி வெளியே போனால் காது இற்று விழுந்துவிடும் போல் இருக்கும். இந்த வெயிலில் ஒரு பிடி உப்பு விளையுமா என்று மருமகனிடம் கேட்டார். இனாஸ் நல்ல பிள்ளை, ஆனால் உப்பளம் கண்டதில்லை. சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். நோன்புக்கு முந்தி ஊர் போய்ச் சேர டிக்கட் போட்டிருந்தது. அதை நினைத்தே மனிதர் நாட்களைத் தள்ளினார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவதற்காக இனாஸோடு நடந்தபோது, நடைபாதை முழுக்க வெள்ளையாக ஏதோ இறைந்து கிடந்தது. பனி என்றுதான் முதலில் நினைத்தார், ஆனால் கண் விலகவில்லை. குனிந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. பனிக்கட்டி உருகவும் ஆட்கள் வழுக்காமல் நடக்கவும் அரசாங்கமே லொறி லொறியாகக் கொட்டுவதாக இனாஸ் விளக்கினான்.

விளக்கம் மூளைக்குப் போனது, காலுக்குப் போகவில்லை. கீழே சிந்திய ஒவ்வொரு உப்புக் கல்லையும் மறுமையில் கண் இமையால் பொறுக்க வேண்டிவரும் என்று அவருடைய உம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை அவர். உப்பளத்தில் குவித்த உப்பின் மேல் ஏறினாலும் வெறுங்காலோடுதான் ஏறுவார். எத்தனை பேருடைய முதுகு வெந்து விளைந்த பொருள் அது! அதைச் சப்பாத்துக் காலால் நசுக்கிக்கொண்டு, அதுவும் தொழப் போவதா? மனிதர் நடைபாதையை விட்டு இறங்கி, உப்புப் படாத ஓரத்தால் நடக்கத் தொடங்கினார். உப்புப் போட்ட இடத்தால் வரும்படி இனாஸ் கெஞ்சினான். கேட்டால்தானே. அடுத்த வாரம் தனியாகப் போனார். ஓரத்தில் கண்ணாடி போல உறைந்திருந்த தண்ணீரில் கால் வைத்தார். அவ்வளவுதான், தொடை எலும்பு முறிந்துவிட்டது.

எலும்புக்குத் தகடு வைத்தார்கள். மாதக்கணக்கில் விமானம் ஏறுவது பற்றி நினைக்கவே வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். டிக்கட்டை இனாஸ் மாற்றினான். உம்மாவிடம் இதைச் சொன்னால் அவளுடைய நெஞ்சு தாங்காது என்று பஸீனா அழுதாள். அவருக்கும் அது சரியாகவே பட்டது. போதாததற்கு, உப்புக்கு விலகிப்போய் விழுந்தேன் என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது. கமறியாவிடம் இருந்தது பழைய பட்டன் போன், முகம் காட்டத் தேவையில்லை. அது வசதியாகப் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, வலியைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு, குரலில் இல்லாத உற்சாகத்தை வரவழைத்துப் பேசினார்.

"இஞ்ச எனக்கு நல்லாப் பிடிச்சிட்டுது, கமறியா. குளிரும் பழகிட்டுது. இந்த முறை நோன்பை இஞ்சயே பிடிச்சிட்டு ஆறுதலா வாறன்."



"உங்களுக்கு நல்லா இருந்தாச் சரி," என்றாள்.

சண்டை பிடித்திருந்தால் உண்மையைக் கக்கியிருப்பார். அவள் சண்டை பிடிக்கவில்லை. அதன் பிறகு வெயிலைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். மருந்து குடித்தீர்களா, பிள்ளை சுகமா, சரி வைக்கிறேன் என்று கதை முடிந்துவிடும். அவளுடைய மனம் முறிந்தது அவருக்குத் தெரியாமல் இல்லை. எழும்பி நடந்ததும் எல்லாவற்றையும் சொல்லிச் சிரிக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடந்து பழகினார். நோன்பு வந்தது. இங்கே ஒருவர், அங்கே ஒருவராக நோன்பு திறந்தார்கள்.

நோன்பு பாதி கழிந்த ஒரு நாள், மஃரிப் தொழுதுவிட்டுப் பாயில் சாய்ந்த கமறியா எழும்பவில்லை. இதயம் நின்றுவிட்டது. மறுநாள் காலையிலேயே கரைத்தீவு மையவாடியில் அடக்கிவிட்டார்கள். விமானம் ஏறக் கூடாதவர் எப்படிப் போய்ச் சேர்வது? பஸீனா சுவரில் முட்டி முட்டி அழுதாள். ஹயாத்து முகம்மது கண்ணீர் விடவில்லை. கமறியாவின் பழைய நம்பருக்கு ஒருமுறை அழைத்துப் பார்த்தார். அது அணைக்கப்பட்டிருந்தது.

மரங்கள் மறுபடி துளிர்த்து, வெளியே பிள்ளைகள் கோட்டில்லாமல் ஓடத் தொடங்கிய பிறகுதான் அவரை விமானம் ஏற்ற டொக்டர் சம்மதித்தார். இனித் திரும்பி வரமாட்டார் என்று பஸீனாவுக்கும் தெரியும். தடுக்கவில்லை.

வீட்டைப் பூட்டிய திறப்பு பக்கத்து வீட்டு ஸுலைஹாவிடம் இருந்தது. மன்னாரிலிருந்து அதே வள்ளத்தில் வந்தவள், கமறியாவுக்குக் கூடப்பிறக்காத தங்கச்சி; அவளை ராத்தா என்றும், இவரை அண்ணன் முறையில் நானா என்றும் கூப்பிடுவாள். ஊர் வந்ததும் நேரே மையவாடிக்குப் போய், அங்கிருந்து நொண்டி நொண்டி வந்து நின்றவரை வேலிக்கு அப்பால் நின்று பார்த்தவள், காலுக்கு என்ன என்று கேட்டாள். அவர் சொன்னார். உப்பிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஒன்றையும் ஒளிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய முகம் மாறிவிட்டது.

"அப்ப நீங்க வர ஏலாமத்தான் வராம இருந்தீங்களா, நானா?"

"ஓம்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, நோன்பு காலத்தில் அந்தத் தெருப் பெண்கள் எல்லாம் கனடாவைக் கண்டதும் மனுசியை மறந்துவிட்டார் என்று வாய்க்கு வந்தபடி கதைத்ததைச் சொன்னாள். தனக்கு மட்டும் மனம் கேட்கவில்லை, ஏதோ நோய் வருத்தத்தை மறைக்கிறார் போல, யாரிடமாவது விசாரிப்போமா என்று கமறியாவிடம் ஒருநாள் கேட்டாளாம். அதற்குக் கமறியா அவள் மேல் பாய்ந்தாளாம்.

"ராத்தா என்ன சொன்னா தெரியுமா, நானா? 'அந்த மனுசன் எனக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்ல. பிடிச்சிட்டுது எண்டு தன்ர வாயாலதான் சொன்னவர். அது பொய்யெண்டு நீ எனக்குச் சொல்லாத' எண்டு சொன்னா."

ஹயாத்து முகம்மது திறப்பை வாங்கக் கை நீட்டியவர், நீட்டிய கையால் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க, வாய்விட்டு அழுதார்.