ஜமால் பாயின் ஏழாம் நம்பர் கன்று

வெள்ளிக்கிழமை காலை, அரியலூர் சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் சாம்பிள் எடை போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஜமால் பாயின் தம்பி பேசினார். நெஞ்சுவலி என்று பாயைப் பெரம்பலூருக்குக் கொண்டுபோன வழியிலேயே முடிந்துவிட்டதாம். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார். எடை போட்டதை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

பாய் என் வாத்தியார் இல்லை, வகுப்புத் தோழர். வளைகுடாவில் ஆறு வருடம் உழைத்துவிட்டு வந்து, முப்பது வயதில் எங்களோடு கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்தவர். அவருக்குத் தாவரவியல், எனக்கு வேதியியல். தோட்டக்கலைத் துணைப்பாடத்தில்தான் சேர்ந்தோம். அவர் ஆசைப்பட்டு எடுத்தார். எனக்கு வேறு எதிலும் இடமில்லை. அவ்வளவு சம்பளத்தை விட்டுவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றவா வந்தீர்கள் என்று முதல் நாளே கேட்டேன்.

“அங்க ஏசி போட்டுச் செடி வளக்குறாங்க தம்பி. இங்க சும்மாவே வளருது, படிக்கத்தான் ஆளில்ல” என்றார்.

ஒரு பேப்பர் போனாலும் மறுபடி விமானம் ஏற வேண்டும் என்பது அவர் அப்பா, அவர் வாயில் அத்தா, போட்ட நிபந்தனை. பாயும் ஒப்புக்கொண்டிருந்தார்.

செய்முறைத் தேர்வுக்கு நாங்கள் இருவரும் ஒரே அணி. பன்னிரண்டு மா ஒட்டுக்கன்றுகள். பாதியாவது உயிரோடு இருக்க வேண்டும். ஒட்டுக் கட்டியது அவர். நம்பர் கட்டியது நான். மற்றவர்கள் கன்றோடு கலந்துவிடக் கூடாதென்று தகரச் சீட்டில் எண் பொறித்து, செம்புக் கம்பியால் தண்டைச் சுற்றி, கட்டிங்பிளேயரால் முறுக்கினேன். சாம்பிள் மாறினால் எல்லாம் பாழ் என்பது வேதியியல்காரன் புத்தி. தண்டு பருக்கும் என்பது பாடத்தில் இருந்தது, என் தலையில் இல்லை.

மழைக்காலம் முடிந்ததும் இலைகள் பழுத்தன. ஒட்டே சரியில்லை என்று எல்லோர் முன்னாலும் பாயைக் குறை சொன்னேன். அவர் குத்துக்காலிட்டு ஒவ்வொரு கன்றாகப் பார்த்தார்.

“இங்க வா தம்பி. ஒன் நம்பரு செடி கழுத்த நெரிக்குது.”

கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தது. எல்லாவற்றையும் வெட்டி எடுத்தோம். ஐந்து செத்தன, ஏழு பிழைத்தன.

தேர்வன்று, வந்திருந்த தேர்வாளர் தண்டிலிருந்த வளையத் தழும்பைத் தடவிப் பார்த்து, இது யார் வேலை என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

“ரெண்டு பேரும் சேந்துதான் சார் கட்டுனோம்” என்றார் பாய்.

இருவருக்கும் மதிப்பெண் குறைந்தது. எனக்கு அது ஒன்றுமில்லை. அவர் மயிரிழையில் தேறினார். வெளியே வந்ததும், பேப்பர் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அவரிடமே கோபப்பட்டேன்.

“விசா எடுத்திருப்பாரு அத்தா. நீ சொல்லுவேன்னு பாத்தேன், சொல்லல. சரி விடு. அடுத்த தடவ ஒரு வெரல் போற மாதிரி கட்டு.”

அதன்பின் அவர் விமானம் ஏறவில்லை. ஊருக்கு வெளியே கன்றுப் பண்ணை வைத்தார். செந்துறைப் பக்கமிருந்தெல்லாம் வந்து வாங்கிப் போனார்கள். நானும் பலமுறை போயிருக்கிறேன். அந்தத் தேர்வைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

மையவாடியில் குழியை மூடும்போது மற்றவர்களைப் பார்த்து நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன். திரும்பும்போது பண்ணைக்குள் போனேன். வாசலில் அன்று பிழைத்த ஏழில் ஒன்று மரமாகி நிற்கிறது. அடித்தண்டில் வளையத் தழும்பு இன்னும் தெரிகிறது. நான் பொறித்த ஏழாம் நம்பர் தகரத்தை பாய் ஒரு கிளையில் சணலால் கட்டியிருந்தார். கிளை பருத்து, சணல் இறுகியிருந்தது. அவிழ்த்து, தளர்த்திக் கட்டினேன். விரலை விட்டுப் பார்த்தேன், போனது.

கம்பி கட்டியது நான்தான், பாய். போயிட்டு வரேன்.