ஒழுகல் பெரியப்பா

அவரை ஃபிட்டர் என்று மதித்துக் கூப்பிட்டது தொழிற்சாலையில் மட்டும்தான். சொந்தக்காரர்கள் வீட்டில் அவர் ‘ஒழுகல் பெரியப்பா’. இந்தப் பெயரைச் சூட்டிய புண்ணியவான் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவர். அதே சோப்புத் தொழிற்சாலையில் கலவைத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர்.

எல்லாம் ஒரு வால்வால் வந்த வினை. கலவைத் தொட்டிக்குக் காஸ்டிக் சோடா கரைத்த காரத்தண்ணீர் போகும் குழாயில் ஒரு பந்து வால்வு உண்டு. உள்ளே துளை போட்ட எஃகு உருண்டை; அதை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்க வெள்ளை டெஃப்லான் வளையங்கள். கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் திறக்கும், பழையபடி திருப்பினால் மூடும். இந்த வால்வு மட்டும் மூடிய பிறகும் சொட்டியது. ஃபிட்டர் கழற்றுவார், உருண்டையை நகத்தால் தடவிக் கீறல் தேடுவார், புது வளையம் போடுவார், காற்றடித்துச் சோதிப்பார். சொட்டு நிற்கும். கொஞ்ச நாளில் மறுபடியும் ஒழுகும், கலவை கெடும், மேனேஜர் காய்ச்சி எடுப்பார்.

சகலை சும்மா இருப்பாரா? மாமியார் வீட்டில் எல்லோரும் கூடிச் சாப்பிடும்போது ஆரம்பித்துவிடுவார்.

“நம்ம சகலை கையை வச்சா போதும், வறண்ட குழாய்லகூட தண்ணி வரும்.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஃபிட்டரின் மனைவியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். மற்றவர்கள் சிரித்தது காதோடு போயிற்று. அவள் சிரித்ததை அவரால் விழுங்க முடியவில்லை. மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

கடைசியில் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். “இன்னொரு தடவை ஒழுகிச்சுன்னா நீங்க பீப்பாய் உருட்டத்தான் போகணும்.”

அன்று கழற்றிய வளையத்தை ஃபிட்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரே ஓரம்தான் அரித்திருந்தது. வால்வு முழுதாகத் திறந்திருந்தால் தண்ணீர் துளை வழியாக நேரே போய்விடும். பாதி திறந்து வைத்தால்தான் பீய்ச்சியடித்து வளையத்தின் ஓரத்தைத் தின்னும். மறுநாள் பம்புக்குக் கிரீஸ் போடுகிற சாக்கில் ஒளிந்து நின்றார். சகலை நாற்காலியில் சாய்ந்தபடி கால் கட்டைவிரலால் கைப்பிடியைத் தள்ளிப் பாதியில் நிறுத்தினார். தண்ணீரைக் கூட்டவும் குறைக்கவும் மேல்தளத்தில் தனியாகச் சக்கர வால்வு இருக்கிறது. அதற்கு இரும்புப் படி ஏற வேண்டுமே, உடம்பு வளையுமா?

மேனேஜரிடம் சொன்னால் சகலைக்கு ஒரு திட்டு விழும், அத்தோடு முடிந்துவிடும். ஒரு திட்டு ஃபிட்டருக்குப் போதவில்லை.

கைப்பிடியில் ஒரு ஸ்பிரிங்கும் கொக்கியும் மாட்டினார். முழுதாகத் திறந்தால் கொக்கி பிடிக்கும். பாதியில் விட்டால் பட்டென்று இழுத்து மூடிவிடும். “இனிமே ஒழுகாது சார், நான் பொறுப்பு” என்று மேனேஜரிடம் வாக்குக் கொடுத்தார்.

சகலை படியேறத் தொடங்கினார். ஒவ்வொரு கலவைக்கும் பல தடவை. ஒருநாள் பொறுக்காமல் கைப்பிடியைக் கம்பியால் பாதியில் கட்டிவைத்து, மேனேஜர் கையில் வசமாக மாட்டிக்கொண்டார். குட்டு உடைந்தது. வால்வு அதன்பின் ஒழுகவே இல்லை.

அடுத்த விருந்தில் சகலை முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“தப்பு என்மேலதான் சகலை. நான்தான் பாதியில வச்சேன். அந்தச் சக்கரத்தை மட்டும் கீழ இறக்கி வச்சுடுங்க. உங்களுக்கு அரை நாள் வேலை.”

உண்மைதான், அரை நாள் வேலைதான். அது ஃபிட்டருக்கு முதல் நாளே தெரியும். எழுந்து கை கழுவப் போனார். மனைவி பின்னாலேயே வந்தாள்.

“ஏங்க, அதான் எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டாரே. பாவம், செஞ்சு குடுத்துடுங்க.”

“மூணு வருஷம் ஏறட்டும். அப்புறம் பார்க்கலாம்.”

“விளையாட்டுக்குச் சொன்னதுக்கா இவ்வளவு?”

“அவரு சொன்னாரு. நீ சிரிச்ச.”

அவர் நிதானமாகக் கை துடைத்தார்.

சக்கரம் இன்னும் மேல்தளத்தில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் ஃபிட்டர் தன் பட்டறையில் டீ குடிப்பார். இப்போது டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்த இரும்புப் படிக்கு எதிரே உட்கார்ந்து குடிக்கிறார்.