அரியரத்தினம் அடித்த கோணல் பந்து

பந்து உதைக்கிறவன் முக்கியமான நேரத்தில் ஏன் கோட்டை விடுகிறான் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். காற்று என்பார்கள், சப்பாத்து என்பார்கள், கண்ணூறு, சனி என்பார்கள். என்னிடம் ஒரே காரணம்தான் இருக்கிறது, அதையும் மாற்ற மாட்டேன்: அவனுக்குப் புத்தி சொல்ல ஆட்கள் கூடிவிட்டார்கள். நம்பாதவர்கள் அரியரத்தினத்தின் கதையைக் கேளுங்கள்.

அரியரத்தினம் குருநகர்ப் பொடியன். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருசம் கனடாவில் மொன்றியலுக்கு வந்து, வில்லரே என்ற பேட்டையில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் மனைவி அஞ்சலீனாவோடு குடியிருந்தான். இரவு முழுக்க ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலவறையில் சட்டி கழுவுவான். விடிந்த பிறகு வந்து படுப்பான். அஞ்சலீனாவுக்குப் பகலில் தையல் வேலை. அவள் வீடு திரும்பும் நேரம் இவன் சப்பாத்துக் கட்டுவான்.

"ஆச்சி, நான் மனுசன்ர முகத்தைப் படிக்கட்டிலதான் பாக்கிறன்," என்று என்னிடம் அழுவாள். படிக்கட்டுச் சம்பந்தத்தில் எப்படியோ அவள் வயிற்றில் பிள்ளை தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே செபம்தான்: அரியரத்தினத்துக்கு ஒரு பகல் வேலை கிடைக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பூங்காவில் நடந்துகொண்டிருந்தோம். அங்கே பெரிய பெரிய ஆண்கள் தோளில் தலையணை கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் முட்டி விழுந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய பந்து உரிக்காத தேங்காய் மாதிரி இருந்தது. அது உருண்டு எங்கள் பக்கம் வந்தது. அரியரத்தினம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான், ஒரு உதை விட்டான். பந்து எல்லாத் தலைக்கும் மேலாகப் போய், இரண்டு நெடுங்கம்பங்களுக்கு நடுவால் புகுந்து, மரங்களுக்கு அப்பால் விழுந்தது. குருநகரில் காலையும் மாலையும் பந்தடித்த கால் அது. சட்டி கழுவினாலும் மறக்குமா?

அந்தக் கூட்டத்தின் பயிற்சியாளர் மிசியே ரோபேர். பாண் பேக்கரி வைத்திருக்கிற மனிதர். மாவுக் கையோடு ஓடிவந்து அரியரத்தினத்தைக் கட்டிப்பிடித்தார். பக்கத்து வீட்டுப் புஷ்பராணி கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் பிள்ளை பார்த்துப் பிரெஞ்சு பிடித்தவள். அவளைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் விசயம் விளங்கியது.

"அண்ணை, உங்களைத் தங்கட ரீமில சேரட்டாம். இந்த வருசக் கப்பை வெண்டால் தன்ர பேக்கரியில பகல் வேலை தருவாராம்."

அஞ்சலீனா அந்த இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டாள்.

கோடை முழுக்க அரியரத்தினம் விளையாடினான். விளையாடினான் என்பதுகூடப் பிழை. மற்றவர்கள் முட்டி மோதிக் களைக்கும்வரை ஓரத்து வாங்குப் பலகையில் இருப்பான். "அரி!" என்று கூப்பிட்டால் எழும்பிப் போவான். ஒருவன் பந்தை நிறுத்திப் பிடிப்பான். இவன் உதைப்பான், கம்பங்களுக்கு நடுவால் போகும், திரும்பி வந்து வாங்கில் இருப்பான். யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு, எத்தனை புள்ளி, ஒன்றும் அவனுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பார்க்க வந்தது நானும் அஞ்சலீனாவும் மட்டும்தான். ஒரு உதைகூடத் தவறவில்லை.

பிறகுதான் சனியன் பிடித்த அந்தப் படம் வந்தது. இறுதிப் போட்டிக்கு முதல் வாரம், பேட்டைப் பத்திரிகையில் அரியரத்தினம் கால் தூக்கி நிற்கிற படம். அதைத் தமிழ்ச் சங்கத் தலைவர் தியாகலிங்கம் பார்த்துவிட்டார். அன்று பின்னேரமே மேல்மாடியில் இருபது சோடிச் சப்பாத்து.

தியாகலிங்கம் ஊரில் கச்சேரியில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். எந்த வீட்டுக்குப் போனாலும் இருக்கிற ஒரே நல்ல கதிரையில் இருப்பார். இருந்துகொண்டு சொன்னார்: "தம்பி, நீ இனிமேல் அடிக்கிறது உன்ர பந்தில்லை. இனத்தின்ர பந்து."

"ஓம் அண்ணை," என்றான் அரியரத்தினம்.

"இந்த வெள்ளையள் எங்களை அகதி எண்டு பாக்கிறாங்கள். நீ பிழைவிட்டால், தமிழன் பிழைவிட்டான் எண்டுதான் சொல்லுவாங்கள்."

"பொடியனைப் பயப்படுத்தாதையுங்கோ," என்றேன்.

"அக்கா, இது பயமில்லை, பொறுப்பு," என்றார்.

அன்றிலிருந்து பொறுப்பு படியேறி வரத் தொடங்கியது. முன்பு கணக்கு வாத்தியாராக இருந்த சிவானந்தம் ஒரு கயிறும் சோக்கட்டியும் கொண்டுவந்து, பந்து எந்தச் சரிவில் எழும்ப வேண்டும் என்று குசினி நிலத்தில் கோடு போட்டார். அஞ்சலீனா அதை அழிக்கக்கூடாதாம், கடந்துதான் சமைக்க வேண்டுமாம். கனகமணி காலுக்குப் பூச ஒரு எண்ணெய் தந்தாள். அவளுடைய கணவர் தங்கராசா, எண்ணெய் பூசினால் வழுக்கும் என்று துடைக்கச் சொன்னார். புருசனும் பெண்சாதியும் அந்த வீட்டில் வைத்தே அதற்குச் சண்டை பிடித்தார்கள். அரியரத்தினம் ஒரு காலில் எண்ணெயோடும் மறு காலில் துணியோடும் நடுவில் இருந்தான்.

தங்கராசா வீடியோப் படக் கொப்பி வாடகைக்கு விடுகிறவர். எல்லோரையும் மிஞ்ச வேண்டுமே! புதன்கிழமை வீடியோ டெக்கைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அமெரிக்கச் சானல்களிலிருந்து தேடித் தேடிப் பிடித்த ஒரு கொப்பி அவரிடம் இருந்தது. பெரிய பெரிய உதைகாரர்கள், கடைசி நிமிசத்தில், சும்மா கிடந்த பந்தைக் கோணலாக அடித்துத் தோற்ற காட்சிகள் மட்டும். ஒன்றன்பின் ஒன்றாக ஒரு மணித்தியாலம்.

"எப்பிடித் தவறுறது எண்டு தெரிஞ்சால்தானே தம்பி தவறாமல் அடிக்கலாம்," என்றார்.

கூட்டம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்த்தது. "ஐயோ!" "சீக்!" "உவனைப் பார், குழந்தைப்பிள்ளை மாதிரி அழுறான்!" என்று ஒரே ஆரவாரம். நான் அரியரத்தினத்தின் முகத்தைத்தான் பார்த்தேன். பாவம், அந்தப் பந்து தவறவும் கூடும் என்பது அன்றுவரை அவனுக்குத் தெரியாது. தங்கராசா அதை ஒரு மணித்தியாலத்தில் படிப்பித்துவிட்டார்.

"ஆச்சி," என்று வெளிப்படிக்கட்டில் வைத்து மெல்லக் கேட்டான், "நான் முதல் எந்தக் காலை வைக்கிறனான்? வலதா, இடதா?"

"அது எனக்கெப்பிடித் தெரியும் மோனை? உன்ர கால்."

"எனக்கும் தெரியேல்லை ஆச்சி."

சனிக்கிழமை ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இறுதிப் போட்டி. மஞ்சள் பாதை மெற்றோ ரயிலில் தமிழ்ச் சனம் நிரம்பி வழிந்தது. சங்கத்தின் பதாகை, மேளம், தியாகலிங்கத்தின் கையில் ஒரு ஒலிபெருக்கி. கடைசிவரை இரண்டு பக்கமும் சரிசமன். அதைத் தியாகலிங்கமே எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். ஒரேயொரு உதைதான் மிச்சம், அது தவறினால் கப் போச்சு என்றும் அவரே சொன்னார். "அரி!" என்று கூப்பிட்டார்கள்.

அவன் போய் நின்றான். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்துப் பயிற்சியாளர் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார். உதைக்கிறவனை யோசிக்க விட்டால் அவன் குழம்புவான் என்பது அவர்களுடைய தந்திரமாம். வீண் சிரமம். அந்த வேலையை நாங்கள் ஒரு வாரமாகச் செய்து முடித்திருந்தோமே!

"தம்பி, பதறாதை! பதறாதை!" என்று ஒலிபெருக்கி பதறியது.

"சரிவு! சரிவு!" என்றார் சிவானந்தம்.

"காத்து வலப்பக்கத்தால வருது!"

"இல்லை, இடப்பக்கத்தால!"

"கொப்பியில பாத்த மாதிரி அடிச்சுப்போடாதை!" என்றார் தங்கராசா.

அரியரத்தினம் ஒவ்வொரு குரலுக்கும் தலையாட்டினான். மரியாதை தெரிந்த பொடியன். பிறகு தன் கால்களைக் குனிந்து பார்த்தான், யாரோ இரவல் தந்த கால்கள் மாதிரி. விசில் ஊதியது. உதைத்தான். பந்து மேலே எழும்பி, கம்பத்துக்கு வெளியே விலகி, பின்னாலிருந்த வேலிக்கும் அப்பால் போய் மறைந்தது.

செத்தவீட்டில்கூட அப்படி ஒரு ஓலம் நான் கேட்டதில்லை. கனகமணி மார்பில் அடித்துக்கொண்டாள். தியாகலிங்கம் அந்தக் கணமே பதாகையைச் சுருட்டத் தொடங்கினார். எங்கள் சனம் தலையில் கை வைத்திருந்ததை அரியரத்தினம் பார்த்தான். அந்தப் பக்கம் திரும்பினால், அவனுடைய கூட்டத்து ராட்சதர்கள் அத்தனை பேரும் கத்திக்கொண்டு அவனை நோக்கி ஓடிவருகிறார்கள். சீருடை போட்ட ஆட்கள் கூட்டமாக ஓடிவந்தால் என்ன செய்ய வேண்டும் என்று குருநகர்ப் பொடியனுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரே பாய்ச்சலில் வேலியைத் தாண்டினான்.

மெற்றோவில்தான் அவனைக் கண்டோம். தலைக்கவசத்தைக் கழற்றாமல் மூலையில் இருந்தான். தியாகலிங்கம் யன்னல் பக்கம் திரும்பி நின்று வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஆற்றுக்குக் கீழே சுரங்கம், கறுத்தச் சுவரில் என்ன பார்த்தாரோ! அஞ்சலீனா போய் அவன் பக்கத்தில் இருந்தாள்.

"வேலை போட்டுதடி," என்றான் கவசத்துக்குள்ளிருந்து.

"போனால் போகுது. நீங்கள் முதல் உந்தக் கவசத்தைக் கழட்டுங்கோ."

வீட்டுக்கு வந்தால், துக்கம் விசாரிக்கக் கூட்டமும் பின்னால் படியேறி வந்துவிட்டது. நல்ல கதிரையில் தியாகலிங்கம். ஏன் தவறியது என்று வழக்கு நடந்தது. கனகமணி எண்ணெயைத் துடைத்ததால்தான் என்றாள். தங்கராசா எண்ணெய் பூசியதால்தான் என்றார். சிவானந்தம் சோக்கட்டிக் கோட்டை யாரோ மிதித்துவிட்டதாகச் சொல்லி அஞ்சலீனாவைப் பார்த்தார். இனத்துக்கு ஒற்றுமை போதாது என்றார் தியாகலிங்கம்.

"பொடியனை ஒரு வாரம் தனிய விட்டிருந்தால் போதும்," என்றேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. அதற்காக நான் சொல்வதை நிறுத்தவும் இல்லை.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். மிசியே ரோபேர். கையில் ஒரு பெரிய வெள்ளிக் கிண்ணம். பின்னால் படிக்கட்டு முழுக்க அந்த ராட்சதர்கள். அரியரத்தினம் குசினிப் பக்கம் ஒதுங்கினான். புஷ்பராணி முன்னுக்குப் போய்க் கேட்டாள், கேட்டுவிட்டு வாயைப் பொத்தினாள்.

"அண்ணை, நாங்கள் வெண்டிட்டமாம்!"

"என்ன விசர்க் கதை?" என்றார் தியாகலிங்கம்.

"கம்பத்துக்கு வெளியால போனாலும், பந்து கடைசிக் கோட்டைத் தாண்டிட்டால் கனடாச் சட்டப்படி ஒரு புள்ளியாம். சரிசமனா இருந்தது, அந்த ஒண்டாலதான் கப். இந்தாள் ஏன் ஓடினது எண்டு கேக்கினம்."

"அடிக்க வருகினம் எண்டு நினைச்சன்," என்றான் அரியரத்தினம். புஷ்பராணி அதைச் சொன்னதும் அந்த மனிதர்கள் படிக்கட்டு அதிரச் சிரித்தார்கள். மிசியே ரோபேர் மட்டும் சிரிக்கவில்லை. வந்து அவன் தலையைத் தடவினார்.

மைதானத்தில் புள்ளிப் பலகை ஒன்று இருந்ததாம். எனக்கு எழுத்தும் எண்ணும் தெரியாது, நான் பார்க்காததில் நியாயம் உண்டு. உதைக்குப் பிறகு வாத்தியாரும் கச்சேரியும் ஏன் அதைப் பார்க்கவில்லை என்று கேட்டேன். அதற்கு மட்டும் யாரிடமும் காரணம் இல்லை.

ஆனால் வழக்கு உடனே மறுபக்கம் திரும்பியது. அந்தச் சரிவில் அடித்தபடியால்தான் பந்து அவ்வளவு தூரம் போனது என்றார் சிவானந்தம். எண்ணெய் பூசிய கால் என்றாள் கனகமணி. துடைத்த கால் என்றார் தங்கராசா. தியாகலிங்கம் தொண்டையைச் செருமினார். "நடுவால அடி எண்டு நான் சொன்னனானோ? பதறாதை எண்டுதானே சொன்னனான்!"

மிசியே ரோபேர் சொல் தவறாத மனிதர். திங்கட்கிழமை காலையிலேயே அரியரத்தினம் பேக்கரிக்குப் போனான். விடியமுதல் எழும்ப வேண்டும்தான், ஆனால் பின்னேரம் நான்கு மணிக்கு வீட்டில் இருப்பான். அஞ்சலீனா வேலையால் வரும்போது அவன் சோறு போட்டு வைத்திருப்பான். முதல் நாள் அவள் சாப்பிடாமல் எதிரே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

அடுத்த வாரம் சங்கத்தில் பாராட்டு விழா. பகலில் மண்டபம் மலிவு என்று செவ்வாய்க்கிழமை மத்தியானம் வைத்தார்கள். அரியரத்தினத்தால் வர முடியவில்லை, பாண் அடுப்பில் இருந்ததாம். வாங்கிய பொன்னாடையை வீணாக்கலாமா? அவன் சார்பில் தியாகலிங்கமே அதைப் போர்த்திக்கொண்டு, நெருக்கடியில் நிதானம் என்ற தலைப்பில் ஒரு மணித்தியாலம் பேசினார். இடையில் இரண்டு தரம் அவனுடைய பெயரை மறந்துபோனார்.